மாணிக்கம்மாளின் சாமைப் பாயசம்

டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகவே போடச் சொல்லுங்கள், மேடம். எனக்கு நோய்நொடி எதுவும் கிடையாது. மலை ஏறி இறங்குகிற உடம்பு, கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

ஸ்டேஷனுக்குள் இதுவரை நான் கால் வைத்ததில்லை. பயந்துகொண்டுதான் வந்தேன். ஆனால் ஏட்டு பழனி சார் தோளில் கை போட்டுத்தான் ஜீப்பில் ஏற்றினார். நீங்களும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் இவ்வளவு மரியாதையாக நடத்தும்போது மறைக்க மனசு வருமா? நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் நீங்களே சொல்வீர்கள், வேடியப்பன் செய்தது எந்தப் புருஷனும் செய்யக்கூடியதுதான் என்று.

நான் இலை பறிக்கிறவன். சிறுகுறிஞ்சான் என்று ஒரு கொடி இருக்கிறது. வேலியிலும் புதரிலும் தானாகப் படரும். இலையைப் பறித்து நிழலில் காயவைத்து மருந்துக்காரர்களுக்குப் போடுவேன். சர்க்கரைக்கொல்லி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது. ஒரு இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் தித்திக்காது. ஆற்று மணலை அள்ளிப் போட்டதுபோல நறநறவென்று கிடக்கும். அரை மணி நேரம், சில பேருக்கு அதற்கு மேலும், நாக்குக்கு இனிப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். உப்பு, காரம், புளிப்பு எல்லாம் தெரியும். பறிக்கும்போது கை வாய்க்குப் போகாமல் இருக்காது, அதனால் இலை பறிக்கிற நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் இனிப்பு செய்வதில்லை. மீறிச் செய்தால் சண்டைதான். வெல்லமே போடவில்லை என்று அவன் கத்துவான், உன் வாயில்தான் இலை என்று அவள் கத்துவாள்.

என் மனைவி மாணிக்கம்மாள். ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்கள் மெஸ் இருக்கிறது. போர்டில் 'மாணிக்கம் மெஸ்' என்று அவள் பெயர்தான் இருக்கும். என் பெயரையும் சேர்த்து எழுத இடம் போதாது என்று பெயிண்டர் சொல்லிவிட்டான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பிறகு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அவள் சாமைப் பாயசம் வைப்பாள். சாமையை வெறும் சட்டியில் வறுத்து, மணம் ஏறுகிற நேரம் பார்த்து இறக்குவாள். சாமை நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றுவாள். ஆறினதும் ஒரு கரண்டி மலைத்தேன். வேறு எதுவும் கிடையாது, முந்திரி திராட்சை ஜோடனை எல்லாம் கிடையாது. கல்யாணமான புதிதில் எனக்கு மட்டும்தான் அதை வைத்தாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மெஸ் வைத்த பிறகு, வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் அதே மாதிரி பார்க்க ஆரம்பித்தாள்.

இந்தக் கோடையில் ராஜ்குமார் என்று ஒரு ஓட்டல் முதலாளி மலைக்கு வந்தார். திருப்பத்தூரில் பெரிய ஓட்டல் வைத்திருப்பவர். பெருநகரங்களில் வருஷத்துக்கு ஒரு வாரம் எல்லா ஓட்டல்களும் ஒரே விலையில் முழு விருந்து போடுமாம், ஊரே திரண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்குமாம். அதையே இங்கேயும் செய்வோம் என்றார். 'மலைவிருந்து வாரம்' என்று பெயரும் வைத்தார். எந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் நூற்றைம்பது ரூபாய், இனிப்போடு சேர்த்து முழுச் சாப்பாடு. வருகிறவர்கள் நுழைவுப் பந்தலில் சீட்டு வாங்கிக்கொண்டு விருப்பப்பட்ட மெஸ்ஸுக்குப் போகலாம். சாப்பிட்டு எழுந்ததும், பிடித்திருந்தால் அந்த மெஸ் வாசலில் இருக்கிற குடத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். எந்தக் குடத்தில் கொட்டை அதிகமோ அந்த மெஸ்ஸில் சமைக்கிறவருக்கு ராஜ்குமாரின் ஓட்டலில் சிறுதானியச் சமையலுக்கென்று தனி அடுக்களை. குடும்பத்தோடு தங்க வீடும் உண்டு.

அன்றைக்கு மாணிக்கம்மாள் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, சாம்பல் கையோடு என்னிடம் வந்தாள்.

"போலாமாங்க? வாடகை இல்லாத வூடாம். கொழாயிலயே தண்ணி வருமாம்."

போகலாமே என்றேன். சத்தியமாகப் போகலாம் என்றுதான் இருந்தேன். எங்களையும், பக்கத்து மெஸ் ரத்தினம்மாளையும் அந்த ஓட்டலைப் பார்க்கக் காரில் கூட்டிப்போனார்கள். அடுக்களை பளபளவென்று இருந்தது. அடுப்புக்கு முன்னால் மாணிக்கம்மாள் நின்ற நிற்பைப் பார்த்து நானே அசந்துபோனேன், அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி நின்றாள். எனக்கு என்ன வேலை என்று ராஜ்குமாரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், யோசித்துத்தான் சொன்னார்.

"உங்களுக்கு மீசை எடுப்பா இருக்குதுங்க. வாசல்ல தலைப்பா கட்டிக்கினு நில்லுங்க. வர்றவங்களுக்கு ஒரு சல்யூட், அவ்ளோதான்."

மாணிக்கம்மாள் சிரித்தாள். கேலியாக இல்லை, சந்தோஷமாகத்தான் சிரித்தாள். "உங்களுக்கு நல்லா எடுக்கும்ங்க" என்றாள். நானும் சிரித்தேன். மலைக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். கீழே வெயில் ஜாஸ்தி, கொசு ஜாஸ்தி. அவளுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்ளும், அடுப்படியில் நாள் முழுக்க நின்றால் தாங்குமா? அவள் உடம்பை நினைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நான் இரண்டே யோசனை சொன்னேன், இரண்டுமே ஒருமனதாக நிறைவேறின. முதலாவது, வெயிலில் வருகிறவர்களுக்குப் பந்தலில் மூலிகைத் தண்ணீர் கொடுப்பது. நன்னாரி, இஞ்சி, எலுமிச்சை, உப்பு. சேவையாக நானே போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அதில் இன்னொன்றும் சேரும் என்று நான் சொல்லவில்லை, என்னென்ன சேரும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, இலையில் இனிப்பை எப்போது வைப்பது என்பது. ராஜ்குமார் கடைசியில் என்றார், பெரிய ஓட்டல்களில் அப்படித்தானாம். நான் எழுந்து நின்றேன். "நம்ம ஆளுங்க எலைல மொதல்ல இனிப்புதாங்க வெப்பாங்க. கடைசில வெக்கிறது வெள்ளைக்காரன் பழக்கம். மலைக்கு வந்துமா அது?" என்றேன். அப்படி ஒரு கைதட்டலை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. ராஜ்குமாரே எழுந்து வந்து எனக்குத் துண்டு போர்த்தினார். கடைசியில் வைத்தால், சாப்பாடு முடிவதற்குள் நாக்குக்கு உயிர் வந்துவிடும். முதலில் வைத்தால் வராது. எல்லோரும் பண்பாட்டையே பார்த்தார்கள், கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

விழா ஆரம்பித்தது. காலையிலேயே இலையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அண்டாவில் கலந்துவிடுவேன். கசப்பை இஞ்சி பார்த்துக்கொள்ளும். "வாய்ல கொஞ்சம் நேரம் வெச்சிருந்து முழுங்குங்க, தொண்டைக்கு நல்லது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுப்பேன். கும்பிட்டு வாங்கிக் குடிப்பார்கள். குழந்தைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏரி ரோடு முழுக்க, எந்த மெஸ்ஸில் பார்த்தாலும், முதல் வாயிலேயே முகம் கோணியது. கேசரி சப்பென்று இருந்தது, அதிரசம் தவிடு மாதிரி இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா பாயசத்தைத் துப்பிவிட்டு, மணலைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள் என்று வீடியோ எடுத்துப் போட்டார். மலைக்காரர்கள் இனிப்பில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

ரத்தினம்மாளுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. பேருக்கு ஒரு கரண்டி கேசரி வைத்துவிட்டு நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினாள், ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். மாணிக்கம்மாள் மறக்கவிடவில்லை. ஒவ்வொரு இலையாகப் போய், பாயசம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உதட்டைப் பிதுக்கினவர்களிடம் மறுபடியும் கேட்டாள். உள்ளே போய் ருசி பார்த்தாள், அவள் நாக்குக்கு அது தித்தித்தது. வெல்லத்தைக் கூட்டினாள். மறுபடியும் பிதுக்கினார்கள். களி அடிபிடித்தது, கீரைக்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அவள் கவனமெல்லாம் பாயசத்தில் இருந்தது. குடத்துக்குள் புளியங்கொட்டை விழுகிற சத்தமே இல்லை.

சாயங்காலம் பந்தலிலிருந்து திரும்பினதும் டம்ளரை நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க. உங்க நாக்கு எங்கிட்ட பொய் சொல்லாது."

நான் அன்றைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வாயில் படாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசத்தைக் குடித்தேன். மேடம், எப்படிச் சொல்வது? அவள் அதுவரை வைத்ததிலேயே அதுதான் ஒசத்தி. வெல்லம் சற்றுக் கூடித்தான் இருந்தது, ஆனாலும் சாமையின் மணமும் தேனும் அடிநாக்கில் போய் நின்றன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்புனுதான் இருக்குது" என்றேன்.

அவள் அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்போ என் நாக்குதாங்க செத்துப்போச்சு. எனக்கு நல்லா இருக்கறது யாருக்கும் நல்லா இல்லியே" என்றாள். விட்டுத்தள்ளு, எல்லோருக்கும் வயசாகும், கை ருசி இன்றைக்கு இருக்கும் நாளைக்குப் போகும் என்று தேற்றினேன். காலைப் பிடித்துவிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அப்படிச் சாய்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். மறுநாள் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, எல்லாரும் எல தின்ன வாய் மாதிரியே பேசறாங்களே?"

"மெட்ராஸ்லேர்ந்து கார்ல வர்றவன் எந்த வேலியில மேஞ்சிட்டு வர்றான்?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

தீர்த்தகிரி விஷயத்துக்கு வருகிறேன். மலையில் எல்லா மெஸ்ஸுக்கும் வெல்லம் போடுகிறவர் அவர். வெல்லத்தில்தான் கலப்படம் என்று யாரோ கிளப்பினார்கள். குழுவினர் நேராகப் பரிசோதிக்கக் கிளம்பினார்கள். ஆனால் என் பந்தலைத் தாண்டித்தானே போக வேண்டும்? மரியாதைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். கடையில் போய் வெல்லத்தைக் கடித்தார்கள், துப்பினார்கள். தீர்த்தகிரி ஒரு உருண்டையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு, "தித்திக்குதுய்யா, சாமி சத்தியமா தித்திக்குது" என்று கதறினார். உன் சரக்கை நீயே நல்லா இல்லைன்னு சொல்வியா என்று கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டார்கள். நியாயமான கேள்விதான்.

புதிதாகத் திருப்பத்தூர் வெல்லம் வந்தது, அதுவும் தித்திக்கவில்லை. அடுத்தது தேன். தேனும் சரியில்லை என்றதும் பேச்சு தேனீ மேல் திரும்பியது. ஒரு கல்லூரி வாத்தியார் வந்து, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தேனையும் நக்கிப் பார்த்துவிட்டு, பூமி சூடாகிறதால் ஜவ்வாது மலைப் பூக்களில் இனிப்பு வற்றிவிட்டது என்று மைக்கில் முக்கால் மணி நேரம் பேசினார். தேனீக்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் தீர்மானமே கொண்டுவந்தார். நான்தான் எதிர்த்தேன். வாயில்லா ஜீவன்களைத் தண்டிக்க என் மனசு ஒப்பவில்லை.

இனிப்பில்லாத மலை என்று பேப்பரில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த பஸ் வந்தது. எல்லோரும் சர்க்கரை வியாதிக்காரர்கள். காலையில் சேர்ந்து நடக்கிற சங்கமாம். நாக்கு செத்துப் பல வருஷம் ஆனவர்கள், இனிப்பில்லாத பாயசம் என்றால் நாங்களும் குடிக்கலாமே என்று வந்தோம் என்றார்கள். அதில் ஒருவர்தான் கோபால் சார். ரிட்டயர்டு வாத்தியார். மாணிக்கம்மாளின் பாயசத்தைக் குடித்துவிட்டு என்னைத் தேடிப் பந்தலுக்கே வந்தார்.

"வேடியப்பா, நெஜமாவே இதுல சர்க்கரை இல்லதானே?"

அப்போது அவள் வெல்லத்தை மூன்று மடங்கு ஆக்கியிருந்தாள். கரண்டியை நட்டால் நிற்கும். நான் கோபால் சாரிடம் பொய் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

"உங்க நாக்கு இன்னா சொல்லுது சார்?" என்று கேட்டேன்.

"இல்லேன்னுதான் சொல்லுது."

"அப்புறம் இன்னா சார்?" என்று இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பஸ் போய்விட்டது, அவர் போகவில்லை. ஏரிக்கரை லாட்ஜில் தங்கிவிட்டார். இரண்டு வேளையும் பந்தலுக்கு வருவார், தண்ணீரைக் குடிப்பார், மெஸ்ஸுக்குப் போவார். விழா முடிகிற வரைக்கும் மாத்திரைக்கும் லீவு விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அடிக்கடி சிறுநீர் போகிறது, தாகமாக இருக்கிறது என்றார். தாகத்துக்கும் அந்தத் தண்ணீரையே கொடுத்தேன். இலை விற்கிறவன் நான், அந்த வியாதியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் நிறுத்துங்கள் சார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். பாயசத்தில் வெல்லம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் நேராக மெஸ்ஸுக்குப் போய் அதை மாணிக்கம்மாளிடம் சொல்வார். அப்புறம் அவள் என் தண்ணீர் அண்டாவை ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும். எல்லாம் யோசித்துத்தான் டம்ளரை நிரப்பினேன். எப்படியும் மனுஷர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

விழா முடிகிற அன்றைக்கு, பந்தியிலேயே சாய்ந்துவிட்டார். எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனோம், நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இன்னும் நினைவு திரும்பவில்லை என்கிறீர்கள். டாக்டர்கள் இரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம் என்றதும் நீங்கள் நேராக மாணிக்கம்மாளிடம் போய்விட்டீர்கள். அவள் என்ன சொன்னாள்? "என் பாயசத்துலயா? அதுல இனிப்பே இல்லீங்களேம்மா" என்றுதானே கையெடுத்துக் கும்பிட்டாள்? அவள் நடிக்கவில்லை மேடம். அவள் மனசார நம்புகிறாள்.

பழனி சார் தாகம் தாங்காமல் என் அண்டாவில் மிச்சம் இருந்ததைக் குடிக்காமல் இருந்திருந்தால், குடித்த கையோடு டீக்கடையில் உட்காராமல் இருந்திருந்தால், நீங்கள் இன்னும் தேனீக்களைத்தான் விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். சர்க்கரையே போடவில்லை என்று டீக்கடைக்காரனை அவர் அறையப் போனதாகச் சொன்னார்கள். பாவம் அவன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அண்டாவில் இலையைப் போட்டது நான். இனிப்பை முதலில் வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். தீர்த்தகிரி நல்ல வெல்லம்தான் விற்றார். கோபால் சாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தேன். ரத்தினம்மாள் திருப்பத்தூர் போகிறாள், அவளுக்கு வாழ்த்துகள்.

மாணிக்கம்மாள் போர்டைக் கழற்றிவிட்டாள். எனக்கு மட்டும்தான் இப்போது சமைக்கிறாள். ரசம் வைத்தால்கூட ஒரு கரண்டி கொண்டுவந்து, "உப்பு இருக்குதாங்க?" என்று கேட்கிறாள். நான் தலையாட்டினால்தான் அடுப்பிலிருந்து இறக்குகிறாள். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்றுகூட நேற்றுக் கேட்டாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு அன்னியோன்னியமாக இருந்ததில்லை.

நீங்கள் எந்தச் செக்ஷனில் வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோபால் சார் வீட்டில் சொல்லுங்கள். தீர்த்தகிரியிடம் சொல்லுங்கள். பேப்பரில் போட்டாலும் பரவாயில்லை, அவளுக்குப் படிக்க வராது, நான்தான் படித்துச் சொல்வேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பாயசம் நன்றாக இருந்தது என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். இளகின மனசு மேடம் அவளுக்கு, தாங்க மாட்டாள்.